வாரா வாரம் முடிவெட்டு

வேல்விழி: ஏங்க... என்ன இது, முட்டி போட்டு நாலு காலுல நிக்கீய?

இசக்கிமுத்து: திருகாணி தேடுதேன்.

வேல்விழி: யாரு திருகாணி?

இசக்கிமுத்து: உன் கம்மல் திருகாணிதான்.

வேல்விழி: என் கம்மல் ரெண்டும் காதுல பத்திரமா இருக்கு. அது என்ன மூக்குல, பனியன் துணி தொங்குது?

இசக்கிமுத்து: சளி பிடிச்சிருக்கு. தொடைக்கக் கட்டுனேன்.

வேல்விழி: ஒரு மொழம் நீளத்துக்கா?

இசக்கிமுத்து: கம்பெனியில கழிச்சுப் போட்ட கட்பீஸு... சும்மாதான கெடந்துச்சு. நீ என்னட்டி போலீசு மாதிரி கேக்க? நீ மட்டும் ஒழுங்கா? ஒரு மாசமா புள்ளைய ஒரு வார்த்த வையல. நேத்து அவ சோத்தத் தரையில கொட்டுதா, நீ என்னடான்னா 'நீ மலை கட்டுதியா'ன்னு பக்கத்துல உக்காந்து கேக்க.

வேல்விழி: மலை கட்டுனா மலைன்னுதான சொல்லணும்.

இசக்கிமுத்து: முந்தியெல்லாம் கரண்டி பறக்கும்.

வேல்விழி: முந்தி நீங்க மாசத்துக்கு ஒருக்கத்தான் முடி வெட்டுவீய. இப்ப ஞாயித்துக்கெழம தவறாம போறீய. போறப்ப இருந்த முடி அப்படியே திரும்பி வருது.

இசக்கிமுத்து: கடையில கூட்டம்... நீ புதன்கெழம பவர்கட்டு லீவு விட்டதும் கோயிலுக்கு ஓடுத. திரும்பி வந்தா நெத்தியில ஒரு பொட்டு துன்னூறு கெடையாது.

வேல்விழி: வேர்வையில அழிஞ்சிருக்கும்.

இசக்கிமுத்து: சரி, விடு... நாளைக்கி விடிஞ்சா அக்கா வந்துருவா.

வேல்விழி: அதத்தான் நானும் நெனச்சேன். மதினி வந்து பாத்துட்டு என்ன சொல்லுவாவளோ...

இசக்கிமுத்து: நம்ம ரெண்டு பேரும் கம்பெனியே கதின்னு கெடந்தோம். புள்ளைய மூணு வருசம் சங்கரன்கோயில்ல வச்சு வளத்தவ அவதான். 'ரெண்டு மாசம் பாரு தம்பி, புள்ள ஒட்டலன்னா நானே கூட்டிட்டுப் போயிருதேன், ஏங்கவிட்டுராத'ன்னு நல்ல மனசோடதான சொன்னா.

வேல்விழி: அங்க அவிய புள்ளையளப் பாத்துப் பாத்து, இவளும் உங்கள மாமான்னு, என்னைய அத்தைன்னு... அந்த மாதிரியே நாளைக்கி மதினி முன்னாடி கூப்ட்டான்னா?

இசக்கிமுத்து: எங்க கூப்புடுவா? என்னைய இப்ப அப்பான்னுல்லா கூப்புடுதா.

வேல்விழி: நெசமாவா? எப்ப?

இசக்கிமுத்து: போன புதன்கெழம மத்தியானம். நீ கோயிலுக்குப் போயிருந்த.

வேல்விழி: புதன்கெழம மத்தியானம் அவ பால்வாடியில இல்ல இருப்பா?

இசக்கிமுத்து: ...கூட்டிட்டு வந்தப்புறம். உன்னைய?

வேல்விழி: என்னைய எப்பவோ அம்மான்னு கூப்ட்டுட்டா. ஞாயித்துக்கெழம. நீங்க முடிவெட்டப் போயிருந்தீய.

இசக்கிமுத்து: அன்னிக்கி அவ வெளியில போயி மண்ணுல வெளாடிட்டில்ல கெடப்பா?

வேல்விழி: மண்ணுல இருந்துதான் கூப்ட்டா.

மயிலாள்: ஏனுங்க... ஊட்ல இருக்கறீங்களா?

வேல்விழி: ஐயோ... ஏங்க, அது ஊறுகா விக்கிற அக்கா. வேண்டாம்க்கா, போன வாரம் வாங்குனதே இருக்கு.

இசக்கிமுத்து: ஊறுகாயா? அவிய ரேசன் கார்டு கணக்கெடுக்கிறவிய. அம்மா, எங்க கார்டு ஊருல இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க.

மயிலாள்: ஆமாங்க. ரெண்டும் பண்றனுங்க.

வேல்விழி: உங்களுக்கு எப்படி இந்த அக்காவத் தெரியும்?

இசக்கிமுத்து: உனக்கு எப்படித் தெரியும்?

மயிலாள்: சாமி, ஒரு நிமிசம். என்ர வாயால ஒண்ணுஞ் சொல்லப்படாதுங்க. பால்வாடியில நான் எடுக்கற பெத்தவங்க வகுப்புக்கு ஆரு வந்தாங்கன்னு வெளிய சொல்லப்படாதுன்னு, முனிசிபாலிட்டிக்காரங்களும் டிரஸ்டுக்காரங்களும் அடிச்சுச் சொல்லிப் போட்டாங்க. ஆனா கடைசி வகுப்புக்கு அப்பனும் ஆத்தாளும் ஒண்ணா வரோணுங்களே. நான் என்னதான் பண்ணட்டுங்க?

இசக்கிமுத்து: ...பெத்தவங்க வகுப்பா? நீயுமாட்டி?

வேல்விழி: முடிவெட்டுன்னு சொன்னது அதானா?

இசக்கிமுத்து: கோயிலு அதானா? பால்வாடிக்குள்ளதான் சாமி இருக்கா?

வேல்விழி: சிரிக்காதீய. எனக்கும் சிரிப்பு வருது... அப்ப அந்த மூக்குத் துணி?

இசக்கிமுத்து: தும்பிக்கை. தெனமும் இருவது நிமிசம் புள்ள சொல்லுத வெளாட்ட வெளாடணும்னாவ. நீ தண்ணி பிடிக்கப் போற நேரம் பாத்து அவளுக்கு யானையா நடக்கேன். இன்னிக்கி அவ பக்கத்து வீட்டுல டி.வி. பாக்கா, அதான் ஒத்திகை.

வேல்விழி: எங்கிட்ட ஏன் மறைச்சீய?

இசக்கிமுத்து: சொன்னா அவ எங்கிட்ட ஒட்டலன்னு தெரிஞ்சுரும்லா. தெரிஞ்சா நீ அக்காகிட்டயே அனுப்பிருவோம்னு சொல்லிருவியோன்னு பயம். அப்பான்னு ஒரு தடவ கூட கூப்புடலட்டி. மாமான்னுதான்.

வேல்விழி: என்னையும் அத்தைன்னுதான்... நீங்க அனுப்பிருவீயளோன்னு நானும் பயந்துதான் கெடந்தேன்.

இசக்கிமுத்து: நம்மளா அனுப்புவோம்?

வேல்விழி: மாட்டோம். ஆனா நாளைக்கி மதினி காதுல 'மாமா'ன்னு விழுந்தா, அவிய புள்ளையோட துணிப்பையத் தூக்கிருவாவ. அக்கா, இத்தன வகுப்பும் வீணாப் போச்சா? எதத் தப்பாச் செஞ்சோம்?

மயிலாள்: ஒண்ணும் வீணாப் போகலைங்க. அழுவாத கண்ணு. உங்க புள்ளைக்கி எல்லாமே தெரியுமுங்க. புதன்கெழம பக்கத்து ரூம்ல தூங்கற மாதிரி படுத்துட்டு உன்னையப் பாக்கும். ஞாயித்துக்கெழம சன்னல்ல எட்டி இவரப் பாக்கும்.

இசக்கிமுத்து: எங்கள... பாத்துட்டாளா? பாத்துட்டும் மாமான்னா கூப்புடுதா?

மயிலாள்: அதையும் நேத்துக் கேட்டுப் போட்டனுங்க. யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டுக் காதுல சொல்லுச்சு... 'அம்மா அப்பான்னு கூப்ட்டுட்டேன்னா ரெண்டு பேரும் இங்க படிக்க வர்றத நிறுத்திருவாவ டீச்சர். அப்புறம் எங்கப்பா யானையா நடக்க மாட்டாரு.'