களிம்பைத் திருடிய கன்னம்

தரைக்குப் பளபளப்பு விற்றாலும் தமக்கெனத் தலைக்கனம் வாங்காத எங்கள் கல் கடை வணிகர் சங்கத்தின் தலைவர், இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா நாச்சியப்பன் அவர்களே! நாளைக் காலை இதே பந்தலில் தோல் நல முகாம் நடத்த இசைந்திருக்கும் மருத்துவர் ரேணுகா அவர்களே! வயதால் மூத்து, வாழ்த்தால் எங்களை வளர்த்துவரும் பெரியோர்களே! வீட்டையும் ஆண்டு, வீட்டில் இருக்கும் எங்களையும் ஆண்டுகொண்டிருக்கும் தாய்மார்களே! நான் முடித்தால்தான் பரோட்டா என்பதால் என்னையே பகையாளியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசைச் சகோதரர்களே! அனைவருக்கும், மானகிரிச் சாலையில் ஆத்தங்குடிக் கல் விற்கும் இந்தப் பாண்டியராஜனின் பணிவான வணக்கம்.

முகாமுக்கு முன்னுரையாகப் பத்து நிமிடம் பேசு என்று தலைவர் பணித்தார். எதைப் பேசுவேன்? ஏட்டில் படித்ததைப் பேசவா? எவரோ சொன்னதைப் பேசவா? இல்லை. என் கன்னத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சென்ற ஆண்டு இதே கன்னத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பீர்கள்!

சிலருக்குத் தாடி தாடையில் முளைக்கும். சிலருக்குக் கன்னத்தில் முளைக்கும். எனக்கோ கன்னத்தையும் கடந்து, கண்ணை நோக்கிக் கொடி பிடித்துக் கிளம்பும்! காலையில் மழித்தால் கடை திறப்பதற்குள் தலைகாட்டும். மழித்தேன், முளைத்தது. மீண்டும் மழித்தேன், மீண்டும் முளைத்தது. மழித்து மழித்துக் கன்னமெங்கும் கொப்புளம், கொப்புளம் ஆறிய இடமெங்கும் கரும்புள்ளி. ஒருநாள் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், கல்லில் தம் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "கல்லுக்கெல்லாம் இம்புட்டுப் பாலிஷ் போடுறீகளே, ஒங்களுக்கு ஒரு கோட்டிங் போட்டுக்கிறக் கூடாதா?" என்றார். கல்லை வாங்காமலே போனார்.

என் இல்லத்தரசி சிவரஞ்சனிக்கு அப்போது முகப்பரு இருந்தது. அதற்கு நம் மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். ரெட்டினாய்டு என்று பெயர். படுக்கப் போகும் முன் பட்டாணி அளவு எடுத்துப் பூச வேண்டும். இரண்டே மாதத்தில் பருவெல்லாம் போய், அவள் முகம் ஆத்தங்குடிக் கல்லாகப் பளபளத்தது. பார்த்தேன். பார்த்துப் பொறாமைப்பட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாளா? கட்டாயம் மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பாள். ஆனால் கேட்டேனா? ஆண்பிள்ளை அல்லவா! மூட்டை சுமக்க வெட்கப்படாதவன், முகத்துக்குக் களிம்பு கேட்க வெட்கப்பட்டேன். அவள் குளியலறைக்குள் போகும் நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தேன். அவள் பட்டாணி அளவு எடுப்பாள். நான் நெல்லிக்காய் அளவு எடுத்தேன்!

என்ன அண்ணே, தலையை ஆட்டுகிறீர்கள்? நீங்களும் எடுத்திருக்கிறீர்களா? பக்கத்தில் மதனி இருக்கிறார், பார்த்து ஆட்டுங்கள்.

அந்தச் சமயம் என் தங்கை நீலாயதாட்சி எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். சிவகங்கையில் ஒரு கல்லூரியில் நூலகர். அவள் வீட்டுக்கு வெள்ளையடிப்பு நடந்ததால், கணவரை வேலைக்குக் காவல் வைத்துவிட்டு, ஐந்து வயது மகள் அகிலாவோடு விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்று வாரம் போனது. என் கொப்புளம் குறைந்தது. கூடவே களிம்பும் குறைந்தது. குழாயைப் பிதுக்கிப் பார்த்த சிவரஞ்சனி, கூடத்துக்கு வந்து நின்றாள்.

"நீலா, இந்த வீட்டுல நாலு பேரு. அகிலா சின்னப்புள்ள. ஒங்க அண்ணனுக்கு மொகத்துக்குச் சோப்புப் போடவே நேரமில்ல. அப்ப இத எடுத்தது யாரு?"

"என்னையா கேக்குறீக அண்ணி?"

"வேற யாரக் கேக்க? கேட்டா நானே குடுத்திருப்பேனே. எதுக்குத் தெரியாம எடுக்கணும்?"

என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். சபையோரே, அந்த நொடியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? "நிறுத்து! களவாடியவன் நானே!" என்று முழங்கினேனா? முழங்கவில்லை. எழுந்தாவது நின்றேனா? நிற்கவில்லை. கையில் இருந்த செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்!

மறுநாள் காலை, சுவர் பாதி வெள்ளை பாதி பழுப்பாக இருந்த தன் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் நீலா. பத்து நாள் கழித்துத் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அகிலாவுக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்த வேண்டிய விழா. எனக்கு ஒரே தங்கை, அவளுக்கு ஒரே அண்ணன். அழைப்பிதழில் பெரியப்பா பெயர் இருந்தது, சித்தப்பா பெயர் இருந்தது, பந்தல் போடுபவர் பெயர்கூட இருந்தது. தாய்மாமன் பெயர் இல்லை. மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் கன்னம்தானே, முடியை வேரோடு முடித்துவிட்டால் களிம்பும் வேண்டாம், கவலையும் வேண்டாம் என்று லேசர் சிகிச்சைக்குக் கிளம்பினேன். "இம்புட்டு நாளாச் சொன்னனே, இப்பத்தான் புத்தி வந்துச்சா?" என்று மகிழ்ச்சியோடு கூடவே வந்தாள் சிவரஞ்சனி. அங்கேதான் விதி என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தது!

பெயர் கேட்டது, எழுதினேன். வயது கேட்டது, இரண்டு குறைத்து எழுதினேன். அடுத்த கேள்வி: "ரெட்டினாய்டு வகைக் களிம்போ மாத்திரையோ பயன்படுத்துகிறீர்களா?" பேனா நின்றது. இடப்பக்கம் பார்த்தேன், என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள் சிவரஞ்சனி. முந்தைய நாள்கூடப் பூசிய முகம் எனக்கு. ஆம் என்று எழுதினால் மானம் போகும். இல்லை என்று எழுதினால் என்ன போகும்? ஒன்றும் போகாது என்று நினைத்தேன். 'இல்லை' என்று அழுத்தி எழுதினேன்.

நம் மருத்துவர் படிவத்தைப் படித்தார். என் கன்னத்தைத் தொட்டார். புருவத்தை உயர்த்தினார்.

"தோலு உரியுதே, ஏதும் பூசுறீகளா?"

"சோப்பு மட்டுந்தான் டாக்டர்."

"அப்பறம் ஏன் உரியுது?"

"சிமென்ட் தூசி டாக்டர். கல் கடை பாருங்க."

சிமென்ட் எங்கள் தொழிலுக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறது, பொய்க்கு உதவியது அன்றுதான் முதல் முறை! மருத்துவர் நம்பவில்லை. "முழுசாப் போட வேணாம். காதோரம் நாலு புள்ளி மட்டும் வச்சுச் சோதிச்சுப் பாப்போம்" என்றார். கண்ணுக்குக் கறுப்புக் கவசம் மாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ரப்பர் வளையத்தை இழுத்து விட்டதுபோல் இருக்கும் என்றார்கள். எனக்கோ மிளகாய்ப் பொடியில் முக்கி எடுத்த ரப்பர் வளையமாக இருந்தது! சற்று நேரத்தில் நான்கு புள்ளியும் சிவந்தன, தடித்தன, நான்கு விரல் பதிந்ததுபோல் வரிசையாக நின்றன.

மருத்துவர் உடனே ஈரத் துணியால் குளிர்வித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார். "இன்னைக்கு இதோட நிறுத்திட்டேன். இப்ப உண்மையச் சொல்லுங்க, என்ன பூசுனீக?"

கவசத்தைக் கழற்றாமலே சொன்னேன். கழற்றினால் சிவரஞ்சனி தெரிவாளே!

"இவளுக்கு நீங்க எழுதிக் குடுத்த க்ரீமுதான் டாக்டர். மூணு வாரம் கணக்கில்லாமப் பூசுனேன். பெறகு புது டியூப்லயும் கொஞ்சங் கொஞ்சமா எடுத்தேன்."

மருத்துவர் கோபப்படவில்லை. அன்று அவர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறேன், அவரும் அருகில்தான் இருக்கிறார், பிழை இருந்தால் திருத்தட்டும். அந்தக் களிம்பு தோலின் மேல்பாகத்தை உரித்துப் புதுப்பிக்கிறது. அப்போது தோல் எதற்கும் சட்டென்று சிவக்கும். அதன்மேல் லேசர் சூடு பட்டால் புண்ணாகலாம், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். ஆகவே சிகிச்சைக்கு முன்பே களிம்பை நிறுத்த வேண்டும். எனக்கு ஒரு வாரம் என்றார், உங்களுக்கு எத்தனை நாள் என்பதை உங்களைப் பார்த்துத்தான் சொல்வார். மாத்திரை சாப்பிட்டால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். முடியைப் பிடுங்கக் கூடாது, நூல் போட்டு எடுக்கக் கூடாது, வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. மழித்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் வெயில் படக் கூடாது. முடித்த பிறகும் அவர் சரி என்று சொன்னால்தான் மீண்டும் களிம்பு.

இத்தனையும் கேட்ட சிவரஞ்சனி ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "கெளம்புங்க."

"வீட்டுக்கா?"

"சிவகங்கைக்கு."

உச்சி வெயில். மருத்துவரோ வெயில் ஆகாது என்றிருக்கிறார். சிவரஞ்சனி தன் பூப்போட்ட துப்பட்டாவால் என் முகத்தைக் கண் மட்டும் தெரியும்படி சுற்றிக் கட்டினாள். பேருந்தில் சன்னல் ஓரத்தில், கன்னத்து எரிச்சலில் கண்ணில் நீர் கசியக் குன்றிப்போய் அமர்ந்தேன். மடியில் கைக்குழந்தையோடு முன்னிருக்கையில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் நெஞ்சில் இரக்கம் ஊறியது.

"ஏந் தாயி அழுகுற? மாமியா வீட்டுல சண்டையா? எந்த ஊரும்மா ஒனக்கு?"

"காரைக்குடிங்க" என்றேன், இதோ இந்தக் கட்டைக் குரலில்! அந்த அம்மா போட்ட அலறலில் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். சிவரஞ்சனி எழுந்து, "பயப்படாதீக, இது எங்க வீட்டுக்காரருதான்" என்று பேருந்து முழுமைக்கும் விளக்கம் கொடுத்தாள். அதன்பின் சிவகங்கை வரை என்னைப் பார்க்காத கண் இல்லை.

நீலா கதவைத் திறந்தாள். துப்பட்டாவை அவிழ்த்தேன். கன்னத்தில் நான்கு விரல் தடம். இருந்த கோபமெல்லாம் மறந்து ஓடி வந்தாள்.

"என்னண்ணே இது? அண்ணி அடிச்சுட்டாகளா?"

"இன்னும் இல்ல" என்றாள் சிவரஞ்சனி.

வாசலிலேயே நின்று சொன்னேன். எடுத்தது நான், பூசியது நான், வாய் மூடி இருந்ததும் நான். சிவரஞ்சனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யோசிக்காமப் பேசிட்டேன் நீலா, மன்னிச்சிரு" என்று அழுதாள். என் தங்கை அண்ணியைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். அன்பர்களே, லேசர் என் தோலைத்தான் சுட்டது, அவள் சொன்னது உள்ளே சுட்டது.

"அண்ணி கேட்டதுக்கு நான் போகலண்ணே. அண்ணி பாவம், தெரியாமக் கேட்டாக. நான் எடுக்கலன்னா நீதான்னு எனக்குத் தெரியாதா? நீ தெரிஞ்சுக்கிட்டே பேப்பரு படிச்ச பாரு, அதுக்குத்தான் போனேன்."

கையில் இருந்த துப்பட்டாவை மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

நீலா உள்ளே போய்க் காபி போட்டு வந்து கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை. குடித்தேன். "காதுகுத்துக்கு வா. ஒம் மடிலதான் குத்துவேன். ஆனா அங்க இருக்க அத்தன பேருகிட்டயும் நடந்ததச் சொல்லணும்" என்றாள். சொன்னேன்! இருநூறு பேருக்கு நடுவே, பழுப்பு ஏறிய நான்கு தடங்களோடு, அகிலாவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். குழந்தை அழ வேண்டிய நேரத்தில் கூட்டம் சிரித்த சிரிப்பில், குழந்தை அழ மறந்துவிட்டது.

தடம் மறைய இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு களிம்பைத் தொடாமல், மருத்துவர் குறித்த இடைவெளியில் ஐந்து முறை லேசர் செய்துகொண்டேன். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு புண் இல்லை. கன்னம் தெரிகிறதா? பின்வரிசைக்கும் தெரிகிறதா? அங்கங்கே நான்கைந்து வெள்ளை முடி நிற்கும். வெள்ளை முடியில் நிறம் இல்லாததால் லேசருக்கு அது பிடிபடாதாம். நிற்கட்டும், எனக்கும் வயதாகிறது என்று சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டாமா!

என் அருமைச் சகோதரர்களே! நாளைக் காலை உங்கள் கையிலும் ஒரு படிவம் கொடுப்பார்கள். என்ன பூசுகிறாய் என்று கேட்கும். எழுதுங்கள்! என்ன விழுங்குகிறாய் என்று கேட்கும். எழுதுங்கள்! மனைவி எட்டிப் பார்த்தாலும் எழுதுங்கள், மைத்துனன் எட்டிப் பார்த்தாலும் எழுதுங்கள்! முகத்துக்குக் களிம்பு பூசுவது ஆணுக்கு இழுக்கா? இல்லவே இல்லை. பூசிய களிம்புக்குப் பெண் ஒருத்தி பழி சுமக்கப் பார்த்துக்கொண்டிருப்பதே இழுக்கு! முடி போக்க ஆயிரம் வழி இருக்கிறது. அண்ணனைப் பார்த்த ஒரு தங்கையின் பார்வையை நெஞ்சிலிருந்து போக்க எந்த ஊரிலும் கருவி இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துத் தெம்பூட்டிய தாய்மார்க்கும், இத்தனையும் சொல்ல அனுமதித்துவிட்டு முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் என் மனைவிக்கும், எனக்காக நேரத்தை நீட்டிய தலைவர்க்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. காலை ஒன்பது மணிக்கு முகாம். மறைக்காத முகத்தோடும் மறைக்காத மனத்தோடும் வந்து சேருங்கள் என்று கேட்டு, வணங்கி அமர்கிறேன். வணக்கம்!