மூணாவது வயரு

...இல்ல சார், வயரிங் போட்டவன் வெளியாளா இருந்தா நாலு வார்த்த கேட்டிருப்பேன். இவன் என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. எப்படிக் கேக்குறது? அவளுக்கு ஷாக் அடிச்சதும் கேட்டேன், அது வேற விஷயம். நாலு இல்ல, நாப்பது. அவளுக்குப் பொறுக்கல. 'என் தம்பியவா சொல்றீங்க'ன்னு பையத் தூக்கிட்டு அவன் வீட்டுக்கே போயிட்டா. இன்னியோட ஒம்பது நாளு! 'முறையா டெஸ்ட் பண்ணி, தப்பு யாருதுன்னு எழுதி வாங்குங்க, அப்பறம் வரேன்'னுட்டா. அதான் உங்களக் கூப்பிட்டேன்.

பாத்து, பாத்து, வழுக்கும்! அந்த வாளிய நகத்திக்கங்க. ஒம்பது நாளா கையாலதான் துவைக்கிறேன். இந்தச் சட்ட நான் துவைச்சதுதான்... காலர மட்டும் பாக்காதீங்க.

மெயின் போர்டுல உங்க பொட்டி எவ்ளோ காட்டுது? புள்ளி நாலா? ஐயையோ, அவ்ளோ கம்மியாவா! என்னது, கம்மியா வந்தாத்தான் நல்லதா? சார், நான் இருபத்தாறு வருஷமா கணக்கு வாத்தியாரு. கம்மியா வாங்குனதுக்கு ஒருத்தர் சபாஷ் போட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்.

ஓ... கரண்டு தப்பி மிஷின் மேல ஏறுச்சுன்னா எர்த் வயரு வழியா ஓடிப்போயிரணும். போற பாதையில தடை கம்மியா இருந்தாத்தான் பிரேக்கர் சட்டுனு விழும். அந்தத் தடையத்தான் இந்தப் பொட்டி அளக்குது. புரியுது, புரியுது. சமையக்கட்டுல? புள்ளி ஏழு. ஹால்ல? புள்ளி ஆறு. எல்லாம் சரியா? ம்... இங்கெல்லாம் ஏதோ நெனப்புல ஒழுங்கா போட்டுட்டான் போல.

இந்தா, இதுதான் அந்த பாயிண்டு. வாஷிங் மிஷினு. வீட்டுக்காரி ஈரக்கையோட இதத் தொட்டா சார். ஒரு கத்து! பரீட்ச பேப்பரப் போட்டுட்டு ஓடியாந்தா, தரையில உக்காந்திருக்கா. வாயே தெறக்கல. அவ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல சார். மெயின் போர்டு ட்ரிப்பர் அந்த நிமிஷமே விழுந்து கரண்டு நின்னுச்சு, தப்பிச்சா. இல்லேன்னா...

ஏன் மொகம் மாறுது? நம்பரே வரலையா? பாதையே இல்லையா? பாத்தீங்களா, பாத்தீங்களா! எழுதுங்க சார், கொட்ட எழுத்துல... வயரிங் போட்டவரோட கவனக்கொறவு...

எதுக்கு ஸ்க்ரூவக் கழட்டுறீங்க? வேணாம் சார், அதான் தெரிஞ்சுபோச்சே! உள்ள பல்லி கில்லி இருக்கும்... டீ போடட்டுமா? சார்... சார்...

ம். பச்ச வயரு, அதான் எர்த்து, தனியா நிக்குது. எலி! எலிதான் சார் கடிச்சிருக்கும்.

என்னது? எலி கடிச்சிட்டு, காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டரயும் சுத்திட்டுப் போகுமான்னு கேக்குறீங்களா?

...போகாதுதான்.

அது வந்து சார்... ஷாக் அடிக்கிறதுக்கு முன்னால, மிஷினப் போட்டாப் போதும், ட்ரிப்பர் விழும். பாதித் துவையல்ல நின்னுடும். 'தம்பியக் கூப்பிடுறேன்'னா. இதுக்கெல்லாமா அவன், நான் எதுக்கு இருக்கேன்னு மெயின அணைச்சிட்டுக் கழட்டிப் பாத்தேன். மூணு வயரு. ரெண்டு வேல செய்யுது, மூணாவது சும்மா நிக்குது. கழட்டி விட்டுட்டேன். டேப்பு இல்ல, மருந்து டப்பால பிளாஸ்டர் இருந்துச்சு. அப்பறம் மிஷினப் போட்டா ட்ரிப்பர் விழவே இல்ல! அன்னிக்குப் பூரா மீசைய முறுக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்ப கசிவு மிஷினுக்குள்ளயா? கரண்டு போக வழியில்லாம அங்கேயே நின்னு... அவ கை பட்டதும்...

தரையில உக்காந்திருந்தாளே, அப்பவே நான் கழட்டுன வயருதான்னு எனக்குத் தெரியும் சார். சொல்ல வாய் வரல. வந்தது மச்சினன் பேருதான்.

வயர மாட்டிட்டீங்களா? புள்ளி எட்டா? சரி. மிஷினு ரிப்பேருக்குப் போகட்டும். நீங்க நடந்தத அப்படியே எழுதுங்க. இருங்க, போயிடாதீங்க! நீங்க பக்கத்துல நின்னாத்தான் எனக்கு வாய் வரும்.

ஹலோ... மச்சான், நான்தான். இல்லப்பா, சண்டைக்கு இல்ல. கேளு. நீ போட்டதுல ஒரு தப்பும் இல்ல. எர்த் வயரக் கழட்டுனது நான். ஆமா, நானேதான். திட்டு, திட்டு, கொஞ்சம் மெதுவா திட்டு, ஆளு பக்கத்துல நிக்கிறாரு. அக்காகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாத. நானே வந்து, பக்குவமா, நேரம் பாத்து...

என்னது?

ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?