கிளட்சைக் கொஞ்சாதே

— மணி அடிச்சதும் எதுக்குங்க பாத்ரூமுக்குள்ள ஓடுறீங்க? வெளிய வாங்க.

— குளிக்கப் போறேன்.

— காலையிலயே குளிச்சாச்சு. தலை இன்னும் காயல. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். உங்க பேர்ல பெட்டி வந்திருக்கு.

— பக்கத்து வீட்டுக்காரரோடதா இருக்கும்.

— பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்க பேரையே வச்சிட்டாங்களா? கொண்டுவந்தவர் என்ன கேக்கறார் தெரியுமா? 'சார் எங்க, அவர்தானே எப்பவும் கேட் பக்கத்துல நிப்பார்'ங்கறார். கட்டினவளைவிட அவருக்கு உங்களை நல்லாத் தெரியுது.

— தங்கமான மனுஷன்.

— இருக்காதா பின்னே, அவர் குடும்பத்தையே நீங்கதானே தூக்கி நிறுத்துறீங்க. கதவைத் திறங்க கண்ணாடிக்கடைக்காரரே.

— வந்துட்டேன். கோவமா டீச்சரம்மா?

— போன பெட்டி வந்தப்ப நான் என்ன சொன்னேன்?

— 'இன்னொரு பெட்டி இந்தப் படியேறினா, நான் அக்கா வீட்டுக்குப் படியிறங்கிடுவேன்'னு சொன்ன.

— வார்த்தை மாறாம ஒப்பிக்கிறீங்க. பையைக் கட்டி கட்டில் மேல வச்சிருக்கேன்.

— பாத்தேன். அது நான் வாங்கின பைதானே? சக்கரம் வச்சது, தொட்டா உருளும். நல்லா இருக்கா?

— நல்லாத்தான் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. சோபாவுக்குப் பின்னால என்ன இருக்கு?

— டென்ட்டு.

— ஆறு பேர் படுக்கற டென்ட்டு. வீட்ல இருக்கறது ரெண்டு பேர்.

— யாராவது விருந்தாளி வந்தா...

— வந்தவங்களை ஹால்ல டென்ட்டு அடிச்சுப் படுக்க வைக்கப் போறீங்களா? சரி, பீரோ மேல?

— டெலஸ்கோப்பு.

— நம்ம ஜன்னல்ல பாத்தா எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும்.

— இனிமே தெளிவாத் தெரியும்.

— சிரிப்பு மூட்டாதீங்க, நான் கோவமா இருக்கேன். கட்டிலுக்கு அடியில?

— கால் அமுக்கற மெஷின். அது உனக்குன்னே வாங்கினது. சாயங்காலமானா முழங்கால் வலிக்குதுன்னு சொல்லுவியே.

— பெட்டிக்குள்ள இருந்துகிட்டே எப்படிங்க அமுக்கும்? ஒண்ணையாவது பிரிச்சீங்களா? அதான் எனக்குப் பயமா இருக்கு. ஆசைப்பட்டு வாங்கறவங்க அன்னிக்கே பிரிச்சுப் போடுவாங்க. நீங்க ஒளிச்சு வைக்கிறீங்க.

— பிரிச்சா, உள்ள வெறும் சாமான்தான் இருக்கும்.

— வேற என்ன இருக்கணும்?

— எப்படிச் சொல்றது... ஆர்டர் போடற அந்த நேரம் நெஞ்சு மேல இருக்கற கல்லை யாரோ தூக்கின மாதிரி இருக்கும். பெட்டி வாசலுக்கு வர்ற வரைக்கும் அப்படியே மிதப்பேன். வந்ததும் கல்லு திரும்ப வந்து உக்காந்துக்கும். அப்புறம் எதைப் பிரிக்கிறது?

— என்ன கல்லு? கடையில வேலை போயிடுச்சா?

— சே சே. நேத்துக்கூட ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தன் சம்சாரத்தைப் பாத்து, 'நீயா'ன்னு கேட்டுட்டு வாங்கிக் கட்டிக்கிட்டார்.

— உடம்புக்கு ஏதாவதா?

— இல்ல.

— வேற எவளாவதா?

— இந்தத் தொந்தியோடயா?

— அப்ப நானே கண்டுபிடிக்கிறேன். ஓட்டக் கத்துக்க என் வண்டியில வந்து உக்கார்றவங்களுக்கு முதல் பாடம் என்ன?

— கண்ணாடி பாரு. பின்னால என்ன வருதுன்னு பாத்துட்டு, சிக்னல் போட்டுட்டு, அப்புறம்தான் வண்டியை நகத்தணும்.

— ஊருக்கே கண்ணாடி மாட்டி விடறவர், நீங்க மட்டும் கண்ணாடி பாக்கறதே இல்ல. இப்பப் பாருங்க. அந்த டென்ட்டுக்கு ஆர்டர் போட்டீங்களே, அன்னிக்கு என்ன நடந்துச்சு?

— ஞாபகம் இல்ல.

— டெலஸ்கோப்பு வாங்கின அன்னிக்கு?

— அதுவும் சாதாரண நாள்தான்.

— இதோ, இந்தப் பெட்டி?

— அதை ஏன் மடியில வச்சு ஆட்டிக்கிட்டே இருக்க, கிளட்சைக் கொஞ்சற மாதிரி? கீழ வை.

— என்ன சொன்னீங்க?

— கீழ வைன்னு சொன்னேன்.

— அதுக்கு முன்னால. கிளட்சைக் கொஞ்சற மாதிரின்னீங்க. இந்த ஊர்ல அந்த வார்த்தை ஒரே ஒரு வாய்லதான் வரும். எங்க டிரைவிங் ஸ்கூலுக்கு எதிர்லயே இன்னொண்ணு நடத்துறாரே, மீசைக்காரர், அவர் வாய்ல. கிளட்ச்ல வச்ச காலை எடுக்காம அழுத்தி அழுத்தி விடறவங்களைப் பாத்துதான் சொல்லுவார். 'கிளட்சைக் கொஞ்சாதே, கிளட்சைக் கொஞ்சாதே'ன்னு அவர் கத்தறது ரோடு தாண்டி எனக்கே கேக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பஸ்ல யாரோ பேசிக்கிட்டாங்க.

— மூக்கைத் தொடுறீங்க. பொய் சொல்றப்பதான் தொடுவீங்க.

— சேந்துட்டேன்.

— எங்க?

— மீசைக்காரர்கிட்ட.

— டிரைவிங் ஸ்கூல்ல வேலை பாக்கறவ புருஷன், எதிர் ஸ்கூல்ல போய்ச் சேந்திருக்கார். முதலாளிக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கறது?

— உன் வண்டியில ஏறிக் கத்துக்கத் தைரியம் இல்ல டீச்சரம்மா. கல்யாணமான புதுசுல ஒரு தடவை ஏறினேனே.

— அந்த கேட்டு...

— நான் கேட்டை இடிச்சது ஒரு நிமிஷம். நீ சிரிச்சது ஒரு வாரம். அக்காவுக்கு போன் போட்டு வேற சிரிச்ச.

— தப்புதான். ஆனா கேட்டு மேல ஏறி நின்ன வண்டியில உக்காந்துகிட்டு, 'இப்ப எந்த கியர் போடணும்'னு கேட்டீங்களே.

— பாத்தியா, இப்பவும் சிரிக்கிற.

— இல்ல, இருமல். சொல்லுங்க.

— கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் உன்கிட்டக் கத்துக்கிட்டவங்க. 'டீச்சர் வீட்டுக்காரரா, எந்த வண்டி ஓட்டுறீங்க'ம்பாங்க. பஸ்லதான் வர்றேன்னா ஒரு சிரிப்பு. அதுகூடப் பரவால்ல. நாள் முழுக்க வண்டியிலயே கிடந்துட்டு வந்து, ராத்திரி என்னை உக்கார வச்சு நீயே மார்க்கெட்டுக்கு ஓட்டுவ. ஒரு நாளாவது நீ சாஞ்சு உக்காரணும், நான் ஓட்டணும்னு நெனச்சேன். லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போனேன். ஃபெயில். அன்னிக்குப் போட்ட ஆர்டர்தான் டென்ட்டு.

— டெலஸ்கோப்பு?

— அடுத்த டெஸ்ட்டு. ரிவர்ஸ்ல கம்பத்தைச் சாய்ச்சுட்டேன்.

— கால் அமுக்கற மெஷின்?

— ஏத்தத்துல வண்டி பின்னால உருண்டுடுச்சு. டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் 'அம்மா'ன்னு அலறிட்டார்.

— அந்த ஆளா? கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருப்பாரே.

— இறங்கினதும் தண்ணி கேட்டார்.

— இந்தப் பெட்டி?

— இந்தத் தடவை எதையும் இடிக்கல. பெல்ட் போட்டேன், கண்ணாடி பாத்தேன், சிக்னல் போட்டேன். இன்ஸ்பெக்டர் காத்திருந்தார், காத்திருந்தார், அப்புறம் இறங்கிப் போயிட்டார். இஞ்சினை ஸ்டார்ட் பண்ண மறந்துட்டேன்.

— ஐயோ, என்னால முடியல. சிரிச்சுக்கறேங்க, இந்த ஒரு தடவை.

— சிரி. எனக்கே வருது.

— ஃபெயில்னு என்கிட்ட வந்து சொல்லியிருந்தா இத்தனை பெட்டி வந்திருக்குமா?

— வந்திருக்காதுதான். இந்தா, என் பேங்க் கார்டு. இனிமே உன்கிட்டயே இருக்கட்டும். மனசு சரியில்லைன்னா கை தானா அங்க போயிடுது, என்னால நிறுத்த முடியல. உங்க வண்டியில வாத்தியார் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அது மாதிரி நீ பக்கத்துல இருந்து மிதிச்சுக்கோ.

— ம். சாவியை எடுங்க.

— பை சாவியா?

— வண்டிச் சாவி. பின்னால மைதானத்துல நிறுத்தியிருக்கேன், இந்நேரம் காலியாத்தான் இருக்கும்.

— அப்ப அக்கா வீடு?

— அக்கா எங்கயும் ஓடிடமாட்டா. செருப்பைப் போடுங்க.

*

— சீட்டை முன்னால இழுங்க. அடுத்து?

— பெல்ட்டு, கண்ணாடி, சிக்னல்.

— ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சே.

— இஞ்சின். கேக்குதா?

— அது வண்டிச் சத்தமா, உங்க நெஞ்சுச் சத்தமா?

— ரெண்டும். பிரேக் மேல கால் வச்சுட்டியா?

— முன்னால பாருங்க. என் காலை நான் பாத்துக்கறேன்.

— போகுது. டீச்சரம்மா, போகுது.

— போகத்தானே அதுக்குச் சக்கரம் வச்சிருக்கு. அந்த மரத்தைச் சுத்தி வாங்க. மீசைக்காரர் மோசமில்ல, ஸ்டியரிங்கைத் திருப்ப நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கார்.

— இந்தக் காத்தெல்லாம் பஸ்ல வராது. நீ சாஞ்சு உக்காந்திருக்கியா?

— சாஞ்சுதான் உக்காந்திருக்கேன்.

— இன்னொரு சுத்து போகவா?

— போங்க. உங்க வண்டி, உங்க ரோடு.

— நாய். குறுக்க வருது. மிதி, மிதி.

— என்னங்க!

— வண்டி நின்னுடுச்சு. அந்த நாயைப் பாரு, நம்மளை முறைச்சுட்டு எப்படி நடந்து போகுதுன்னு. நல்ல வேளை நீ மிதிச்ச. இதுக்குத்தான் சொல்றேன், கார்டும் உன்கிட்டயே இருக்கட்டும்.

— நான் மிதிக்கலைங்க.

— சும்மா என் மனசுக்காகச் சொல்லாத. நீ மிதிக்காம வண்டி எப்படி நிக்கும்?

— குனிஞ்சு என் காலடியைப் பாருங்க. ஸ்கூல் வண்டி ஒர்க்‌ஷாப்ல கிடக்கு, இது அதே மாதிரி இருக்கற முதலாளி வீட்டு வண்டி, என் பக்கம் பிரேக்கே கிடையாது.