ஒன்பது சனிக்கிழமைகளும் ஒரு வெள்ளைச் சுவரும்

தலைமை ஏற்றுத் தளராமல் வழிநடத்தும் நகரத் தலைவி ஓப்துலியா அம்மையார் அவர்களே, நம் கோடைத் திரையரங்கின் கருவிகளைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கண்ணும் கருத்துமாய்க் காத்துவரும் சிப்ரியானோ அவர்களே, விசிறியை ஆயுதமாக ஏந்தி வெயிலோடு போராடி முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பூசை முடிந்த கையோடு இங்கே வந்துவிட்ட தாய்மார்களே, பின்சுவரில் சாய்ந்து நிற்கும் ஒலிவத் தோட்டத்துத் தோழர்களே, இந்த அரங்கின் வாசலில் முப்பது கோடைகளாகச் சூரியகாந்தி விதை விற்றுவரும் என் உடன்பிறந்த அக்காள் ரூஃபினாவே, அல்காரில் என்னும் நம் ஊரின் பெருமக்கள் அனைவருக்கும் எலாடியாவின் ஞாயிற்றுக்கிழமை வணக்கம்.

எதிர்க் கடையில் வெர்மூத் மது குளிர்ந்துகொண்டிருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆகவே சுருக்கமாகப் பேசுவேன். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். சிரியுங்கள், ஆனால் நகராதீர்கள்.

என் பின்னால் நிற்பது வெறும் சுவரா? வெள்ளையடித்த இந்தச் சுவரில் ஜூலை முதல் வாரம் தொடங்கி ஒன்பது சனிக்கிழமைகள் படம் ஓடும். என்னென்ன படம் என்பதை இன்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறோம். சிப்ரியானோவிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்பதும் வேற்று மொழிகளில் எடுத்தவை, நம் மொழியில் டப்பிங் செய்தவை. என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்பதும் ஸ்பானிய மொழியிலேயே பிறந்தவை. நடித்தவர் வாயிலிருந்தே பேச்சு வருபவை. எந்தப் பட்டியல் வெல்ல வேண்டும்? என் பட்டியல்தான். அதில் எனக்கு ஐயம் இல்லை, உங்களுக்கு இருப்பதைப் போக்கவே இந்த மேடைக்கு வந்தேன்.

நான் டப்பிங்குக்கு எதிரியா? எப்படி இருப்பேன்? நாற்பத்தொரு ஆண்டுகள் அந்தச் சோற்றைத் தின்றவள் நான். சுவீடன் நாட்டு ராணிகள் என் குரலில் அழுதிருக்கிறார்கள். அமெரிக்கப் பெண் துப்பறிவாளர்கள் என் குரலில் மிரட்டியிருக்கிறார்கள். ஒரு கார்ட்டூன் படத்தில் பேசும் பெண்குதிரையாகவும் இருந்திருக்கிறேன், அது நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று. பத்தொன்பது வயதில் மாட்ரிட் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் தட்டினேன். இயக்குநர் நான் பேசிய இரண்டு வரியைக் கேட்டார். "குரல் அருமை பெண்ணே. ஆனால் அந்த ஊர்ப் பேச்சைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வா" என்றார். பல்லுக்கிடையே தக்கையைக் கடித்துக்கொண்டு எட்டு மாதம் பயிற்சி செய்தேன். கழற்றினேன். வாசலில் வைத்தேன். திரும்பி வந்தபோது அதை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

அந்த ஆண்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தது இதோ இந்த ரூஃபினா. "நான் பேசுகிறேன்" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, இப்பதான் வாங்குனோம்" என்று வைத்துவிட்டாள். நாட்டுக்கே தெரியப்போகும் குரல், உடன்பிறந்தவளுக்குத் தெரியவில்லை. அன்று நான் கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு உள்ளே போய் ஒரு பணக்காரிக்காகச் சிரித்தேன்.

இப்போது சென்ற ஆண்டுக்கு வருவோம். கடைசிச் சனிக்கிழமை, சிப்ரியானோ கேட்டிருந்த படம் வந்து சேரவில்லை. நான் ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். 'உப்பளத்துக் கல்யாணம்.' நம்மிடமிருந்து மூன்று பள்ளத்தாக்கு தள்ளி எடுத்த படம். உப்பு அள்ளும் ஒருத்தி, மகளின் கல்யாணத்தன்று மழை வரக்கூடாது என்று வானத்தோடு சண்டை போடுகிறாள். மழை வந்தால் உப்பும் போகும், விருந்தும் போகும். அவள் வாயைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், நினைவிருக்கிறதா?

"சிப்ரியானோ, சத்தம் கெட்டுப் போச்சு, பாருப்பா." "ஏல, ஸ்பானிஷ்ல போடுல." இப்படித்தானே கேட்டீர்கள்? ஸ்பானிய மொழியில் எடுத்த படத்தை ஸ்பானிய மொழியில் போடச் சொன்ன ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? சிப்ரியானோவும் ஏணியில் ஏறி இருபது நிமிடம் ஒலிபெருக்கியை உலுக்கிக்கொண்டிருந்தார். தலையைக் குனியாதீர்கள் ஐயா, நானும் உங்கள் கட்சிதான். அன்று என் காதுக்கும் முதலில் அது கரடுமுரடாகத்தான் பட்டது.

ஏன் பட்டது? எதனால் பட்டது? இந்தச் சுவர் இத்தனை ஆண்டுகள் என் போன்ற பத்துப் பதினைந்து பேருடைய கழுவித் துடைத்த குரலில் மட்டுமே உங்களோடு பேசியிருக்கிறது. நம் தெற்கத்திப் பேச்சு எப்போது வரும்? வேலைக்காரி கதவைத் திறக்கும்போது வரும். குடிகாரன் தடுக்கி விழும்போது வரும். காதலிப்பவனுக்கு வராது. நீதி கேட்பவளுக்கு வராது. அதனால்தான் அந்த உப்பளக்காரி பேசியதும் "இவ நம்ம மாதிரியே பேசுதா, இதெல்லாம் ஒரு சினிமாவா" என்று ஒரு தாய் சொன்னார். யார் என்று சொல்லமாட்டேன், அவர் விசிறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. நம் பேச்சு சினிமாவுக்கு ஆகாது என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோமே என்று நெஞ்சு கொதித்தது.

ஆகவே முதல் சனிக்கிழமை அதே படம். மறுபடியும். இம்முறை ஏணி வேண்டாம்.

அடுத்து அர்ஜென்டினாவிலிருந்து 'முந்தைய நிறுத்தம்.' ஒரு பேருந்து ஓட்டுநர், தன் பழைய மனைவி தினமும் ஏறும் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது என்று சபதம் செய்கிறான். நிறுத்தாமலும் இருக்க முடியவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரே பேருந்து. முடிவில் அவள் "கதவத் திற, எனக்கு லேட்டாகுது" என்கிறாள். அந்த ஒரு வரிக்கு நான் மூன்று முறை பார்த்தேன். அதற்கு என்னால் குரல் கொடுத்திருக்க முடியுமா? முடியாது. அந்தச் சலிப்பு அவள் ஊரில் வளர்ந்த சலிப்பு.

என்ன சிப்ரியானோ? "யக்கா, ஆளு வராது, ரெண்டு காராவது வெடிக்கணும்" என்கிறார். நியாயமான கவலை. மெக்சிகோவிலிருந்து 'எலுமிச்சைத் தெரு வழக்கு' இருக்கிறது. அதில் ஒரு கார் வெடிக்கிறது. வெடித்த காரை விட்டுத்தள்ளுங்கள். வெடித்தபின் அந்தக் காரின் சொந்தக்காரனுடைய மாமியார், "உள்ள என் சட்டி இருந்துச்சா" என்று கேட்டு, சோளமாவு உருண்டை அவிக்கும் தன் பாத்திரத்துக்காகக் காவல்துறையையே உலுக்கி எடுக்கிறாள் பாருங்கள், வயிறு வலிக்கும். பெருவிலிருந்து ஒரு படம், சிலியிலிருந்து இரண்டு. விதை கொறிப்பதைக்கூட மறந்துவிடுவீர்கள், அதில் என் அக்காளுக்கு நட்டம் வரலாம், பொறுத்துக்கொள்வாள்.

இருபது நாடுகள், ஒரே மொழி, இருபது இசை. அத்தனையும் நமக்கு உரிமை. உரியதைக் கேட்கவா நமக்குத் தயக்கம்? கேட்கவா நமக்குக் கூச்சம்? காது நம்முடையது, சுவர் நம்முடையது, சுண்ணாம்பு அடித்த கைகள் நம்முடையவை. குரல் மட்டும் ஏன் அயலார் குரலாக இருக்க வேண்டும்?

என்ன ரூஃபினா? எழுந்து நிற்கிறாளே. சொல்.

கேட்டீர்களா எல்லோரும்? பின்னால் இருப்பவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். "ஏட்டி எலாடியா, இவ்வளவும் சொல்லுதியே, நீ ஏன்ட்டி இன்னும் அந்த மாட்ரிட் குரல்லயே பேசுதே?" என்கிறாள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஓப்துலியா அம்மையார் அவர்களே, நான் எழுதிக்கொண்டு வந்த தாள் இதோடு நிற்கிறது. நாற்பத்தொரு ஆண்டுகளில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

சரி. தாள மடிச்சு வச்சாச்சு.

நீ கேட்டது சரிதான்ட்டி. பயந்தான். வேற என்ன. இந்த மேடையில நம்ம பேச்சு பேசுனா மதிக்க மாட்டாங்கன்னு பயம். உப்பளக்காரியச் சொன்ன மாதிரி என்னையும் சொல்லுவியன்னு பயம். இப்ப பேசுதேன், பாருங்க. கரடுமுரடாத்தான் இருக்கும், தக்கையக் கடிச்சுப் பழகுன நாக்குல்லா. யாராவது சத்தம் கெட்டுப் போச்சுன்னு சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க.

ஒருத்தரும் சொல்லல.

அப்ப கையத் தூக்குங்க. நம்ம சுவருல நம்ம ஆளுவ பேசணும்னு நெனைக்கவங்க எல்லாரும். விசிறி வச்சிருக்கவங்க விசிறியோட தூக்குங்க. ஓப்துலியாம்மா, எண்ணிக்கோங்க. பின்சுவரு மொத்தமும் தூக்கியாச்சு. சிப்ரியானோ, ஒன் கை பாதியில நிக்கி. என்னப்பா? "ஒரு சனிக்கிழமயாவது எனக்கு விடுக்கா." தாரேன். அந்தக் குதிரப் படத்தப் போடு, அது நாந்தான். இப்ப தூக்கு. ஆங், அப்படி.

ரூஃபினா, ஒன் கைதான் எல்லாத்துக்கும் முந்தி மேல போச்சு, பாத்தேன்.

வெயிலுல உக்காந்து கேட்டதுக்கு, திட்டாம கேட்டதுக்கு, எல்லாருக்கும் நன்றி. போங்க, வெர்மூத் சூடாகிரும். வாரேன், வணக்கம். ஏட்டி ரூஃபினா, நாளைக்குக் காலைல ஒனக்கு போன் பண்ணுதேன். யாருன்னு கேக்கியா பாப்போம்.