மாமாவின் பிடரிக் கட்டி

எனக்கு ஃபோட்டோஷாப் சுமாராகத்தான் வரும், சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆவுடையப்பன் மாமா என் அம்மாவின் தம்பி. அவர் வீட்டில் தங்கித்தான் காலேஜுக்குப் போகிறேன். அவர் பிடரியில் எலுமிச்சை அளவில் ஒரு கொழுப்புக் கட்டி. வலிக்காது, அழுத்தினால் நழுவும். சின்ன வயதில் அதை அழுத்தினால்தான் எனக்குச் சோறு இறங்கும். "இது என் ராசிடா" என்பார் மாமா. ஊசியைக் கண்டால் அவருக்கு மயக்கம் வரும் என்பது அத்தைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஹேமாவுக்குக் கல்யாணம் நெருங்கியது. ஆல்பம் முழுக்கக் கட்டியும் சேர்ந்து நிற்குமே என்று அத்தை பிடித்த பிடியில் மாமா இறங்கிவந்தார். ஒன்றும் செய்யாத கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் புதுக்கோட்டை டாக்டர்.

"ஊருக்குள்ள ஒரு பயலுக்குத் தெரியக் கூடாது. ஒன் வாய நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் வாய் திறக்கவில்லை. பேனர் மட்டும்தான் வைத்தேன்.

இத்தனை வருடம் கூடவே இருந்த கட்டியை வழியனுப்ப ஆளில்லையே என்று மனசு கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு மாமாவும் அத்தையும் பஸ் ஏறியதும் எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை ஸ்டாப்பில் கட்டினேன். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே. 'மாமாவின் பிடரிக் கட்டி இன்று நம்மை விட்டுப் பிரிந்தது' என்று கீழே. கட்டியை மட்டும் போட்டால் யாருக்குப் புரியும்? அதனால் நடுவில் மாமா படம். மாலையும் குத்துவிளக்கும் பறக்கிற புறாவும் டிசைனிலேயே இருந்தவை.

எங்கள் ஊரில் பேனரில் படம் பார்ப்பார்கள்; படிக்க மாட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய? ஆஸ்பத்திரியில் மாமாவும் அத்தையும் போனை அணைத்துவிட்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் பந்தல், நாற்காலி, சாவு மேளம். ஹேமா லீவு சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். திருவரங்குளத்திலிருந்து என் அம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். "ஒன் மாமன் நம்மள விட்டுட்டுப் போயிட்டானேடா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கேள்வியாக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தியத்தை மீற வேண்டியிருக்கும். சோடா உடைத்துக் கொடுத்தேன்.

சாயங்கால பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார், பிடரியில் பிளாஸ்திரியோடு. அம்மா மயங்கி விழுந்தாள். தெளிந்ததும், "அடேய், கட்டி எங்கடா?" என்றாள். பந்தலே எழுந்து வந்து மாமாவின் பிடரியைப் பார்த்தது.

"மாப்ள, செத்த இங்கிட்டு வாங்க" என்றார் மாமா. என்னை அவர் 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை. பயந்து ஓடிவந்து உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன்.

பேனரில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, சார். கட்டி என்றுதான் போட்டிருக்கிறேன். கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கினால் யாரும் படிக்கலாம். எழுத்தை அதற்கு மேல் சின்னதாக்க எனக்குத் தெரியவில்லை.