வெதுவெதுப்பான கடல்

தை அமாவாசை காலை. ஜூஹுவிலிருந்து சாந்தாகுரூஸ் ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மாட்டுங்கா ஆபீஸ்காரர் ஒருவர் மடியில் பித்தளைத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். நடக்க முடியாத தாயார் தலையில் தெளிக்கக் கடல் தண்ணீர் கொண்டுபோவதாகப் பக்கத்திலிருந்த தாராவிக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். தாராவிக்காரரோ மூட்டைப்பூச்சி கடித்தவர்போல நெளிந்துகொண்டே இருந்தார்.

“சாமி, தூக்குல மோந்தப்போ தண்ணி வெதுவெதுன்னு இருந்திச்சா?”

“ஆமா. அந்தப் புது ஓட்டல் பின்னாடி. அலை ஜாஸ்தி இல்லேன்னு அங்கதான் எல்லாரும் ஸ்நானம் பண்ணினா. ஏன் கேக்கறேள்?”

“அந்த ஓட்டலுக்குக் குழாய் போட்டவன் நான். குளிக்கிற வெந்நி, கக்கூஸ் தண்ணி எல்லாம் அங்கனதான் கடல்ல விழுது.”

ஆபீஸ்காரர் தூக்கை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தார்.

“தெரிஞ்சேவா போட்டேள்?”

“தொட்டி கட்டணும்னு சொல்லிப் பாத்தேன். இம்புட்டுப் பெரிய கடலுக்கு என்ன ஆயிரும்னு மேனேஜர் சிரிச்சான். அதுக்கு மேல பேசுனா வேலை போயிரும்லா.”

“குளிக்க வந்தவாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அம்மா பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம காத்துண்டிருக்கா.”

தாராவிக்காரர் முன்பக்கம் கையைக் காட்டினார். ஜன்னலோரம் ஒருத்தி ஈரத்தலையைக் காற்றில் விரித்து ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“எம் பொண்டாட்டி. அவளும் அங்கனதான் மூணு முங்கு முங்குனா. அவகிட்டயே நான் இன்னும் சொல்லல, சாமி.”