ஆறாம் கட்டிலின் அலாரம்

– பொன்னழகு அக்கா, கைய எடுங்க. அவரு காலத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?

– நான் எங்க தொட்டேன் டெய்சி சிஸ்டர்? இந்தா, ரெண்டு கையும் முந்தானைக்குள்ளதான கெடக்கு.

– பின்ன எப்படி முட்டி மடங்கிருக்கு? தொடையில போட்ட குழா வழியாத்தான் ரத்தம் டயாலிசிஸ் மெஷினுக்குப் போயிட்டு வருது. கால் மடங்குனா குழா நசுங்கும், மெஷின் நின்னு அலாரம் அடிக்கும். அப்படியே கெடந்தா பில்டர்ல ரத்தம் உறைஞ்சுரும். நேத்து அப்படித்தான போச்சு, ஒரு டம்ளர் ரத்தம்.

– எம் புருஷன நானே கொல்லுவனா?

– அப்படியா சொன்னேன்? பாசத்துல அமுக்கி விடுறீங்க. இது மூணாவது பில்டர்க்கா. இதும் அடச்சா இவரு உடம்பு தாங்காது, மெஷினக் கழட்டிருவோம்னு இனிகோ டாக்டர் காலையில சொன்னாரா இல்லையா?

– சொன்னாக. மயக்க மருந்த நிறுத்தி ரெண்டு நாளாச்சு, இன்னும் கண்ணத் தொறக்கல, மனசத் தேத்திக்கங்கன்னும் சொன்னாக.

– சரி, அழுகாதீங்க. நீட்டிட்டேன், மெஷின் ஓடுது பாருங்க.

– ஏன் என்னையே பாக்குறீக?

– இல்லக்கா... நேத்து காலையில அலாரம் அடிச்சப்ப நீங்கதான் இருந்தீங்க. சாயங்காலமும் நீங்க. இப்பவும் நீங்க. மத்த நேரமெல்லாம் கம்முனு ஓடுது.

– நத்தம் மாரியாத்தா மேல ஆணையாத் தொடல. பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்.

– என்ன பேசுனீங்க?

– அழுதா வெளிய அனுப்பிருவீகன்னு இவுககிட்ட எங்க மாந்தோப்புக் கதையச் சொன்னேன். ஏங்க, ஒங்க தம்பி மணிமாறன் முத்தாத மாங்காய அம்புட்டையும் பறிச்சு மண்டிக்கு ஏத்துறான், கேக்க நாதியில்லன்னேன். காய முத்தாம பறிச்சா அவுகளுக்கு ஆகவே ஆகாது. அதுக்கே அண்ணனும் தம்பியும் வெட்டிக்கிருவாக.

– மூணு தடவையும் இதையா சொன்னீங்க?

– எங்க வீட்டுல வேற என்ன பேச்சு இருக்கு சிஸ்டர்?

– அக்கா, தள்ளி நில்லுங்க. கையப் பின்னால கட்டிக்கங்க. நான் குழாயப் பிடிச்சுக்கிறேன். இப்ப இன்னொரு தடவ சொல்லுங்க.

– வேணாம், மெஷின் நின்னுருமே.

– நான் பாத்துக்கிறேன். சொல்லுங்கக்கா, சத்தமா.

– ஏங்க... ஒங்க தம்பி கெழக்கு மரத்துலயும் ஏறிட்டான்.

– இன்னும் கொஞ்சம்.

– பிஞ்சக்கூட விடலங்க. நீங்க ஒட்டு வச்ச மரத்தக் கெளையோட முறிக்கிறான். நீங்க பாட்டுக்குப் படுத்துக் கெடந்தா நான் ஒத்தப் பொம்பள என்ன செய்வேன்... அய்யோ அடிக்குது சிஸ்டர். நான் தொடல, பாருங்க, நான் தொடவே இல்ல.

– பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நான் நீட்டி விடுறேன், என் கையத் தள்ளிட்டு மடக்குறாரு. ஏய் ஷாஹினா, இனிகோ சாருக்குப் போனப் போட்டு என் காதுல வையி... சார், ஆறாம் நம்பர் மலைச்சாமி. அலாரம் அடிக்குது சார். பில்டர்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளு எந்திரிச்சுத் தோப்புக்குப் போகப் பாக்குறாரு.